எங்கள் ஊரிலும் ஒரு காட்சிக்கூடம் வைக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில், நெல் மூட்டை அடுக்கிக் கிடந்த பழைய கிடங்கு ஒன்றைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்து, ஊர்ப் பொருள்களையும் ஊர்ப் பேச்சையும் சேர்த்துச் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் நடத்துகிறோம். பார்க்க வருகிறவர்கள் திரும்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு வைக்கணும்" என்பார்கள். அப்புறம் கேள்விகள் வரும். திருவாரூர்ப் பக்கமானாலும் சீர்காழிப் பக்கமானாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறோம்.

எங்கள் ஊரில் கல்வெட்டு கிடையாது, பெரிய கோயில் கிடையாது. எதைக் காட்டுவது?

தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம், தரங்கம்பாடி என்று பேர்பெற்ற ஊர்களுக்கு நடுவில் இருப்பதால் நமக்கு இந்தத் தயக்கம் வருகிறது. ராஜா வந்துபோன ஊருக்குத்தான் வரலாறு உண்டு என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் டெல்டாவில் எந்த ஊரை எடுத்தாலும் தண்ணீர் வந்த கதை ஒன்று இருக்கும். உங்கள் வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது, அதன் மதகை யார் ஏற்றி இறக்கினார்கள், முறைவைத்துத் தண்ணீர் விட்ட வருஷத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை, குடிமராமத்துக்கு (ஊரார் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரிச் செப்பனிடும் வேலைக்கு) எந்தெந்தத் தெருவிலிருந்து எத்தனை ஆள் போனார்கள், 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு குறுவை, தாளடி என்ற நெல் சாகுபடிப் பருவங்கள் எப்படி மாறின. இதை மட்டும் விசாரித்து முடிக்கவே ஒரு வருஷம் போதாது.

அடுத்தது, ஊரைவிட்டுப் போனவர்களும் திரும்பியவர்களும். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் தகரப் பெட்டி ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். 2004 ஆழிப்பேரலையும் 2018 நவம்பரில் அடித்த கஜா புயலும் அந்தந்த வீட்டில் எதைக் கொண்டுபோயின, எதை விட்டுவைத்தன என்று கேளுங்கள். இவையெல்லாம் கல்வெட்டில் ஏறாதவை. நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

எத்தனை பொருள் சேர்ந்தால் திறக்கலாம்?

எண்ணிக்கை முக்கியமில்லை. பத்துப் பொருளே இருந்தாலும், அந்தப் பத்தையும் பற்றி அவற்றைப் புழங்கியவர்கள் பேசியிருந்தால் திறந்துவிடலாம். எங்களுக்கு முதல் வருஷம் வந்து குவிந்தது அரிக்கேன் விளக்கும் பித்தளைக் குடமும்தான். ஏழாவது அரிக்கேன் விளக்கோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது யாராவது பொருள் கொண்டுவந்தால் முதலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அதைப் பற்றிப் பேசச் சொல்கிறோம். பேச்சு வந்தால் பொருளை வாங்கிக்கொள்கிறோம். பேச்சே இல்லாத பொருளை, மனம் நோகாமல், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறோம்.

பதிவேடு என்று ஒன்று அவசியமா? சின்ன இடம்தானே?

கட்டடம் இல்லாமல்கூட இருக்கலாம், பதிவேடு இல்லாமல் இருக்கக் கூடாது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கிப் பக்கங்களுக்கு எண் போடுங்கள். வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். நாங்கள் 2023.14.2 என்று எழுதுகிறோம். 2023-ஆம் ஆண்டு, அந்த ஆண்டில் பதினான்காவதாகக் கொடுத்தவர், அவர் கொடுத்ததில் இரண்டாவது பொருள். எண்ணைப் பொருளின் மேலேயே பேனாவால் எழுதிவிடாதீர்கள். பருத்தி நாடாவில் எழுதிக் கட்டிவிடலாம், காகிதமாக இருந்தால் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதலாம்.

என்ன பொருள், எதனால் செய்தது, நீளம் அகலம், என்ன நிலையில் வந்தது, யார் கொடுத்தது, எந்தத் தெரு. இவ்வளவு போதும் என்று நினைப்பீர்கள். இன்னும் மூன்று கட்டம் சேருங்கள்: யார் செய்தது, யார் புழங்கியது, எங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர். கொடுத்தவரும் புழங்கியவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கமாட்டார்கள். நெல் சேர்த்துவைக்கும் பத்தாயம் பண்ணை வீட்டுக்காரருடையது. அதைச் செய்த தச்சர் வேறு தெரு, அதில் நெல்லைக் கொட்டியவரும் அள்ளியவரும் இன்னொரு தெரு. நோட்டில் கட்டம் இல்லாவிட்டால் அவர்கள் பெயர் மறைந்துவிடும்.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வேறு இரண்டு வீடுகளிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

"இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்று தருபவர்களிடம் வாங்கலாமா?

வாங்காதீர்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒரு பெரியவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த ஒரு பெட்டியை, அவர் காலமான பிறகு மகன் வந்து கேட்டார், அடுத்த வாரம் மகள் வந்து கேட்டார். எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நாங்கள் திருடர்கள் மாதிரி நின்றோம். இப்போது நன்கொடைக் கடிதத்தில் கொடுப்பவர், வீட்டில் இன்னொருவர், எங்களில் ஒருவர் என மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறோம். கண்காட்சிக்கு இரவல் வாங்கினால் திருப்பித் தரும் தேதியைக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறோம்.

வயலில் சிலையோ காசோ கிடைத்தால் எங்கள் கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் மண்ணில் புதைந்து கிடைத்த விலைமதிப்புள்ள எதையும், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். வி.ஏ.ஓ.விடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தோண்டிப் பார்ப்பது, கழுவுவது, பூ வைப்பது எதுவும் வேண்டாம். கிடைத்த இடத்தில் கிடந்தபடியே படமெடுத்துவிடுங்கள். அந்தப் படமும், எந்த வயல், எத்தனை அடி ஆழம் என்ற குறிப்பும் உங்கள் கூடத்துக்கு உரியவை. அதைக் காட்சிக்கு வைத்தாலே போதும்.

வீடுகளில் வழிவழியாக இருக்கும் பழம்பொருள்களுக்கும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் உண்டு. நூறு ஆண்டு தாண்டியவை தொல்பொருள். சுவடி, கையெழுத்துப் படி என்றால் 75 ஆண்டே போதும். கல், உலோகம், மரம், சுடுமண் சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்றவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். கோயில் சாமான் என்று துளி சந்தேகம் வந்தாலும் தொடாதீர்கள். காசு கொடுத்துச் சிலை வாங்கவே வாங்காதீர்கள்.

டெல்டா ஈரத்தில் பொருள்களை எப்படிக் காப்பாற்றுவது?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நமக்கு யுத்த காலம். சுவர் வியர்க்கும், காகிதம் தளரும், தோலில் பூசணம் பூக்கும். விலை உயர்ந்த இயந்திரம் வாங்க முடியாவிட்டாலும் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அரையடி இருந்தால் காற்றும் போகும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். எங்கள் கூடத்தில் சனிக்கிழமை காலை அதற்குத்தான். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாதுகாப்பு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது.

வெளிச்சமும் எதிரிதான். காகிதம், துணி, பழைய புகைப்படம் மூன்றுக்கும் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் ஆகாது என்பார்கள். அது கிட்டத்தட்ட மங்கலான திண்ணை வெளிச்சம். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் ஒரு கூறைப் புடவையைத் தொங்கவிட்டால் இரண்டே வருஷத்தில் கட்டம் தெரியாமல் வெளுத்துவிடும். புகைப்படத்துக்கு நல்ல நகல் எடுத்து நகலைச் சுவரில் மாட்டுங்கள், அசலைப் பெட்டியில் வையுங்கள். லேமினேஷன், செல்லோடேப், ரப்பர் பேண்ட் மூன்றும் வேண்டாம். ஒருமுறை லேமினேஷன் செய்துவிட்டால் அதை எடுக்க வழியில்லை.

பித்தளை, வெண்கலத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். வீட்டில் குத்துவிளக்கைப் பளபளவென்று வைப்பது நல்ல பழக்கம்தான். காட்சிக்கூடத்தில் அதே பழக்கம், பொருளின் மேல் படிந்த காலத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று என்பதால் உலோகத்தை மூடிய கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். வெளிர்பச்சையாகப் பொடி பூத்தால் அந்தப் பொருளை உடனே தனியே எடுத்துவிடுங்கள்.

துணியிலும் புத்தகத்திலும் பூச்சி வந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி வரை போகும் டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்த பிறகு ஒருநாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை போடாதீர்கள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது நல்லதல்ல.

ஓலைச்சுவடி வந்தால் எண்ணெய் தடவவோ ஒட்டிய ஏட்டைப் பிரிக்கவோ வேண்டாம். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் முறை உண்மையில் இருக்கிறது. ஆனால் கைப்பழக்கம் இல்லாதவர் பூசினால் எழுத்தில் ஏற்றியிருக்கும் கருப்பு வழிந்துவிடும். சுவடியை அப்படியே பருத்தித் துணியில் சுற்றி, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலோ தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையிலோ காட்டிக் கேளுங்கள்.

விளக்க அட்டையில் என்ன எழுதுவது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு மரக்கால் இருக்கிறது. முதலில் நாங்கள் எழுதிவைத்த அட்டை இது: "மரக்கால். தானியம் அளக்கும் கருவி. மரம், இரும்புப் பட்டை. 12 மரக்கால் ஒரு கலம்." தப்பு ஒன்றுமில்லை. ஒருநாள் தெற்குத் தெருவிலிருந்து ஓர் அம்மா பேத்தியோடு வந்தார். எண்பது வயது இருக்கும். மரக்காலுக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வாங்குற மரக்கா. எங்களுக்குக் கூலி அளந்தது வேற. அது இதைவிடச் சின்னது."

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். களத்தில் பொலி தூற்றியது, பொழுது சாய்ந்த பிறகு கூலிக்குக் காத்துக்கிடந்தது, அளக்கிறவர் மரக்காலின் மேலே குவிந்த நெல்லைத் தலைதட்டிச் சமப்படுத்தும்போது கையை எப்படி வைப்பார் என்பது வரை நடித்துக் காட்டினார். அன்றிரவே அட்டையை மாற்றினோம். இப்போது அட்டையில் முதல் வரியே அந்த அம்மாவின் வார்த்தைதான், அவர் சொன்னபடியே. கலத்துக்கு எத்தனை மரக்கால் என்பது கடைசி வரிக்குப் போய்விட்டது.

அட்டை எழுதும்போது நாங்கள் பார்த்துக்கொள்வது இவ்வளவுதான். நாற்பது ஐம்பது சொல்லுக்குள் முடிய வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது தடுமாறக் கூடாது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கண்ணாடி மறந்துவந்த தாத்தாவும் படிக்க வேண்டுமே. பழைய கணக்கு வந்தால் புதுக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். "பண்டைய", "தொன்மையான" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, யார், எப்போது, எதற்கு என்று எழுதுகிறோம்.

இப்படியெல்லாம் எழுதினால் ஊரில் சண்டை வராதா? சாதிப் பேச்சு வருமே?

வரும். எங்களுக்கும் வந்தது. மரக்காலைக் கொடுத்த குடும்பத்தில் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா அப்படி அளக்கல" என்றார். அவரையும் உட்காரவைத்துக் கேட்டோம், பதிவு செய்தோம், அவர் சொன்னதையும் பக்கத்தில் வைத்தோம். தங்கள் குடும்பப் பெயரை அட்டையில் போட வேண்டாம் என்றார். அது நியாயம். பெயரை எடுத்துவிட்டோம், பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அந்த அம்மாவின் வரியை எடுக்கச் சொன்னார். அதை எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் கூடத்துக்குள் வரவில்லை. எங்களுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது.

டெல்டாவின் கதையைப் பச்சைப் பசேல் வயலும் ஆடிப்பெருக்குச் சித்திரான்னமுமாக மட்டும் சொல்லிவிட முடியாது. தஞ்சாவூர் மாவட்டத்தில் பண்ணைகளில் வேலை செய்த பண்ணையாள்களைக் காக்க 1952-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வுக்காகப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஓர் ஊரில் விவசாய வரலாறு என்று கூடம் வைத்துவிட்டு, கூலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் இருந்தால் அது பொய்.

நடைமுறையில் நாங்கள் கடைப்பிடிப்பது: பொறுப்பாளர்களில் எல்லாத் தெருக்காரரும் இருக்க வேண்டும், பெண்களும் இருக்க வேண்டும். பெயருக்கு அல்ல, சாவி அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் மேல் குற்றம் சொல்லும் பேச்சைப் பதிவு செய்கிறோம், காட்சிக்கு வைப்பதில்லை. ஒரு தெருவைப் பற்றி எழுதிய அட்டையை, மாட்டுவதற்கு முன் அந்தத் தெருவிலேயே வாசித்துக் காட்டுகிறோம். இழிவுபடுத்தும் பழைய பெயர்கள் ஆவணத்தில் இருந்தால் ஆவணத்தைத் திருத்துவதில்லை. ஆனால் நம் எழுத்தில் அந்தப் பெயரைத் திரும்ப எழுதுவதுமில்லை.

பெரியவர்களின் பேச்சை எப்படிப் பதிவு செய்வது?

கைப்பேசியே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை ஒரு துண்டின் மேல் வையுங்கள், பேசுகிறவரின் பெயர், தேதி, இடம் மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் வாய் வராது. கையில் ஒரு கருக்கரிவாளைக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு தானாக வரும். நடவு, அறுப்பு நாளில் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். பெண்களிடம் கேட்க வேண்டுமானால் வீட்டு ஆண்கள் இல்லாத நேரம் நல்லது. அவர்கள் இருந்தால் பதிலை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஒப்பாரி கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று நம் ஊர்ப் பெண்கள் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள். ஊருக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பாடித் தருவார்கள். பாடிக்கொண்டே வரும்போது தன் வீட்டுச் சாவு நினைவுக்கு வந்து நிஜமாகவே அழுதுவிடுவார்கள், அப்போது பதிவை நிறுத்திவிடுங்கள். அந்தப் பாட்டைக் கூடத்தில் ஒலிபெருக்கியில் போடக் கூடாது. விரும்புகிறவர் காதில் மாட்டிக் கேட்கட்டும்.

பேசியவருக்குப் பதிவின் நகலைக் கட்டாயம் கொடுங்கள். அவர் காலமான பிறகு அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரியது எதுவுமில்லை.

தேதியே தெரியாமல் சொல்கிறார்களே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

பெரியவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், புயல் சொல்வார்கள், வெள்ளம் சொல்வார்கள். காவிரியில் பெருவெள்ளம் வந்தது 1924. அது ரக்தாட்சி வருஷம். நாகப்பட்டினத்தைப் புரட்டிய புயல் 1977 நவம்பர். இப்படி ஊர் நினைவில் நிற்கும் ஆண்டுகளை முதலில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்ப கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். நிலப் பத்திரம், கிஸ்து (நிலவரி) ரசீதுகளில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு, இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1358 என்றால் 1948 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. இன்னொன்று: திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் பழைய காகிதத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்றே இருக்கும். நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனதே 1991-இல்தான். அட்டையில் இரண்டு பெயரையும் போடுங்கள்.

பாரம்பரிய நெல்லைக் கண்ணாடிப் புட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் புட்டியில் இருக்கும் விதை நெல் ஓரிரண்டு வருஷத்தில் முளைப்புத் திறனை இழந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், பூங்கார் என்று சேர்த்தால் ஒவ்வொரு பட்டத்திலும் யாராவது ஒருவர் வயலில் ஒரு மூலையிலாவது அதை விதைத்துப் புது நெல் தரும்படி ஏற்பாடு செய்யுங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் வழி இதுதான்: விதை வாங்குகிறவர் விளைத்துத் திருப்பித் தருவார். காட்சிக்கூடத்துக்கும் அது பொருந்தும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

தொட விடுங்கள். பதிவேட்டில் ஏறாத உரல், உலக்கை, முறம், திருகை என நாலைந்தைத் தனியே வைத்து நெல்லும் கொடுத்துவிடுங்கள். கூட்டமாக வந்தால் இருபது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே விடாதீர்கள்.

பணம், பதிவு?

இரண்டு வழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். அல்லது 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். ஒரு குடும்பத்துச் சொத்தாகிவிடக் கூடாது என்று நினைத்தால் சங்கம் நல்லது, அதில் ஆண்டுதோறும் கூட்டம் போட்டுக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தில் அருங்காட்சியகங்களுக்கு மானியத் திட்டம் உண்டு. பதிவும் தணிக்கையும் ஒழுங்காக இருந்தால் முயன்று பார்க்கலாம். அதை நம்பித் தொடங்காதீர்கள். எங்களுக்கு உண்டியலும், ஊர்த் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் நம் பிள்ளைகள் தருவதும்தான். நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. பத்து ரூபாய் வைத்தால்கூடத் தெற்குத் தெரு அம்மா உள்ளே வந்திருக்கமாட்டார்.

தொடங்குவதற்கு முன் எங்கே போய்ப் பார்ப்பது?

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு. ஒரு சின்ன ஓட்டு வீட்டை வீடாகவே விட்டுவைத்தால் எவ்வளவு பேசும் என்று அங்கே தெரியும். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்தில் உ.வே.சா. நினைவு இல்லம். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டைக்குள் இருக்கும் காட்சியகம். பூம்புகாரில் 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், ஒரு கதையைச் சுவரில் வரிசையாகக் கொண்டுபோகும் விதத்துக்காக. தஞ்சாவூர் அரண்மனையின் செப்புத் திருமேனிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்தமுறை சிலையை விட்டுவிட்டு விளக்கு எங்கே, அட்டை எந்த உயரத்தில், மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்களால் நடத்த முடியாமல் போனால் பொருள்களை என்ன செய்வது?

இதைத் தொடங்கும்போதே எழுதிவிடுங்கள். எங்கள் சங்க விதியில் இருப்பது இது: கூடம் மூடப்பட்டால் கொடுத்த குடும்பத்துக்கு முதலில் கடிதம் போகும், ஆறு மாதம் அவகாசம். வாங்கிக்கொள்ளாதவை மாவட்டத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தையோ வேறு ஊர்க் காட்சிக்கூடத்தையோ அணுகி, எழுத்தில் ஒப்படைக்கப்படும். விற்கக் கூடாது. பேச்சுப் பதிவு ஒவ்வொன்றுக்கும் பேசியவரின் வீட்டில் ஒரு நகல் எப்போதும் இருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று சாவியும் யார் யாரிடம் என்று எழுதியிருக்கிறோம். ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அன்றைக்கே அந்த வரியைத் திருத்திவிடுகிறோம்.